13 படி ஏறி வரும் தோசை: ட்ரம்மண்ட் தெருவில் ஓர் உணவகமும் அதைத் தாங்கும் வீடும்

லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்துக்கு மேற்கே சில நிமிட நடையில் இருக்கும் ட்ரம்மண்ட் தெருவை, இங்கு வாழும் தமிழர்களில் பலர் தோசையை வைத்தே அறிவார்கள். ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் தமிழ்க் கடைகள் பெருகுவதற்கு முன்பே இந்தத் தெருவில் நம் பக்கத்துப் பலகாரம் கிடைத்தது. அம்பாலா இனிப்புக் கடை 1965இல் இங்கேதான் தொடங்கியது. அதை அடுத்த ஆண்டுகளில் பேல்பூரி, தோசை, இட்லி விற்கும் சைவ உணவகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றுள் ஒன்றில் இந்த ஆண்டு மூன்று முறை மூன்று வெவ்வேறு மேசைகளில் உட்கார்ந்து ஒரே மசாலா தோசையைச் சாப்பிட்டேன். கடையின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். குறை சொல்ல வேண்டிய இடங்கள் இருக்கின்றன. அந்தக் குறைகளில் பாதிக்கு மேல் கடைக்காரரைச் சேராது, அவர் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டைச் சேரும்.

வீடு என்று நான் சொல்வது வெறும் பேச்சுக்காக இல்லை. ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குடியிருப்பதற்காகவே கட்டப்பட்ட வரிசை வீடு அது. இரண்டு பக்கச் சுவர்களையும் அண்டை வீடுகளோடு பகிர்ந்துகொண்டு, அகலத்தில் குறைந்து, உயரத்தில் கூடி நிற்கிறது. என் காலடியால் அளந்தபோது முகப்பு 17 அடிக்குள் அடங்கியது. அந்த அகலத்துக்குள் தரைத்தளத்தில் ஒரு முன்னறையும் ஒரு பின்னறையும், பக்கச் சுவரை ஒட்டி ஓர் இடைகழியும், இடைகழியின் முடிவில் மாடிப்படியும் இருந்திருக்கின்றன. மேலே மூன்று தளங்கள், கீழே ஒரு நிலவறை. லண்டன் முழுவதும் ஆயிரக்கணக்கான வீடுகள் இதே அமைப்பில் எழுந்தன. 1774ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் வீடுகளை மதிப்பையும் பரப்பளவையும் வைத்து வகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் சுவர்களின் கனம் இவ்வளவு என்று விதித்திருந்ததால், கொத்தனாருக்குப் புதிதாக யோசிக்க அதிகம் இருக்கவில்லை. 350 முதல் 500 சதுர அடிப் பரப்பில் நிற்பவை மூன்றாம் வகை, அதற்கும் சிறியவை நான்காம் வகை. நம் உணவகம் மூன்றாம் வகையில் சேரும் என்பது என் கணிப்பு.

அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பம் இத்தகைய வீட்டில் எப்படி வாழ்ந்தது என்பது கட்டடத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முதல் மாடியில் விருந்தினரை வரவேற்கும் கூடம். அதனால்தான் அந்தத் தளத்து ஜன்னல்கள் மற்ற எல்லாத் தளங்களையும்விட உயரமானவை. அதற்கு மேலே படுக்கையறைகள், எல்லாவற்றுக்கும் மேலே கூரையடியில் வேலைக்காரர்கள். தரைத்தளத்து முன்னறையில் சாப்பாட்டு மேசை. சமையல் நிலவறையில். அங்கே வெந்த இறைச்சியும் கிழங்கும் மூடி போட்ட தட்டுகளில் படியேறி மேலே வந்தன. இப்போது கவனியுங்கள்: அதே முன்னறையில் இன்றும் சாப்பாட்டு மேசைகள் இருக்கின்றன, அதே நிலவறையில் இன்றும் சமையல் நடக்கிறது, அதே படி வழியாக இன்றும் உணவு ஏறி வருகிறது. இருநூறு ஆண்டுகளில் வீட்டின் முகம் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கிறது. வயிறு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், இறைச்சியை மூடி எடுத்துவரலாம், தோசையை மூட முடியாது. மூடினால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும். திறந்து எடுத்துவந்தால் குளிர்ந்த படிக்கட்டின் காற்று பட்டுத் துவண்டுவிடும். கீழிருந்து தரைத்தளத்துக்கு 13 படி, எண்ணிப் பார்த்திருக்கிறேன். இந்தக் கடையின் தோசையை மாவும் கல்லும் பாதி தீர்மானிக்கின்றன என்றால், மீதியை அந்த 13 படிகள் தீர்மானிக்கின்றன.

முதல் முறை போனது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். தெருவைப் பார்த்த ஜன்னலோர மேசை கிடைத்தது. தோசை ஓரங்களில் மொறுமொறுப்பாகவும் நடுவில் சற்றுத் தளர்ந்தும் வந்தது. உருளைக்கிழங்கு மசாலாவில் இஞ்சி நன்றாகத் தெரிந்தது, மஞ்சள் அளவோடு இருந்தது, கடுகு கருகாமல் பொரிந்திருந்தது. தேங்காய்ச் சட்னி அன்றே அரைத்தது. சாம்பாரில் வட இந்தியக் கைப்பக்குவம் போல ஓர் இனிப்பு. லண்டனில் பாதிக் கடைகளில் அப்படித்தான். ஆனால் என் கவனத்தை இழுத்தது சாம்பாரின் சுவையைவிட அதன் மட்டம்தான். கிண்ணத்தில் வீட்டின் உட்பக்கமாக இருந்த விளிம்பை அது ஒரு நெல்மணிக் கனம் கூடுதலாக ஏறித் தொட்டுக்கொண்டிருந்தது. கிண்ணத்தைத் திருப்பி வைத்தேன். மறுபடியும் உட்பக்கமே ஏறியது. தரை சாய்ந்திருக்கிறது.

இப்படிச் சாய்வதற்குக் காரணம் உண்டு. வீட்டின் பக்கச் சுவர்களும் முன்பின் சுவர்களும் செங்கல். முன்னறைக்கும் பின்னறைக்கும் இடையிலான தடுப்பு மட்டும் மரச் சட்டங்களால் ஆனது. பார்ப்பதற்கு வெறும் தடுப்பு போலத் தோன்றினாலும் மேல்தளங்களின் பாரத்தில் ஒரு பங்கை அதுவும் சுமக்கிறது. இரண்டு நூற்றாண்டுகளில் செங்கல் சுவர் நிலைத்து நிற்க, மரம் வற்றியும் அழுந்தியும் இறங்கிவிடுகிறது. தரைப் பலகைகள் வீட்டின் நடுவை நோக்கிச் சரிகின்றன. கடையாக மாற்றும்போது இரண்டு அறைகளையும் ஒன்றாக்க வேண்டி அந்தத் தடுப்பையும் எடுத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். நம் கடையில் தடுப்பை எடுத்திருக்கிறார்கள். அது இருந்த இடத்தில் கூரையிலிருந்து ஓர் அடி ஆழத்துக்கு ஒரு விட்டம் தொங்கி நிற்கிறது. அதன் மேல் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் கட்டியிருக்கிறார்கள். உயரமானவர்கள் தலை குனிய வேண்டியதில்லை, ஆனால் பலரும் தாமாகவே குனிந்து போவதைப் பார்த்தேன்.

சாப்பிட்டு முடித்து எதிர்ச் சாரிக்குப் போய் நின்று முகப்பைப் பார்த்தேன். இந்த வகை வீட்டின் முகம் ஆபரணம் இல்லாதது. மஞ்சள் கலந்த லண்டன் செங்கல், புகையேறிக் கறுத்தது. ஒரு தளத்துக்கு இரண்டு ஜன்னல். மேலே போகப் போக ஜன்னல்களின் உயரம் குறைந்துகொண்டே போகும். அந்த அளவுகளின் ஒழுங்கு ஒன்றே அழகு. ஜன்னல் சட்டங்கள் சுவரின் முகத்திலிருந்து உள்வாங்கிச் செங்கலுக்குப் பின்னால் மறைந்திருப்பதும் 1774ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலைதான். ஒரு வீட்டு ஜன்னலில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்க, தெருவை நோக்கி வெளியே தெரியும் மரத்தைக் குறைத்தார்கள். அந்த அமைதியான முகத்தின் அடிப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, கண்ணாடியும் பலகையும் பொருத்தினால் கடை வந்துவிடுகிறது.

வெட்டி எடுப்பது என்றால், மேலே மூன்று தளத்துச் செங்கல் சுவர் நிற்கும்போதே அதற்குக் கீழே இருக்கும் சுவரை எடுப்பது. மேல்சுவரைத் தாங்க, ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர் வரை ஒரு பெரிய உத்தரத்தைச் செருகுகிறார்கள். இங்கே அதை ப்ரெஸ்ஸமர் என்பார்கள். பழைய மாற்றங்களில் அது மரம். பிற்காலத்தில் இரும்பு, நடுவில் வார்ப்பிரும்புத் தூண் ஒன்று துணைக்கு. மர உத்தரத்தின் எதிரி தண்ணீர். பெயர்ப்பலகைக்கு மேலே இருக்கும் சிறு சாய்ப்பில் ஈயத் தகடு கிழிந்து மழைநீர் இறங்கினால், பலகைக்குப் பின்னால் யார் கண்ணுக்கும் தெரியாமல் உத்தரம் உளுத்துப்போகும். அது இறங்கினால் மேல்சுவரும் கூடவே இறங்கும். இந்தக் கடையின் முதல் மாடி ஜன்னல்கள் இரண்டின் அடிக்கட்டைகளும் ஒன்றை நோக்கி ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தன. உத்தரம் நடுவில் தொய்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். பயப்பட ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஓரளவு வளைந்து கொடுக்கும். இந்தத் தொய்வு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நின்றுபோனதாகவும் இருக்கலாம். ஆனால் செங்கல் இடுக்குகளில் யாரோ சாம்பல் நிற சிமென்ட்டை அப்பியிருக்கிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. சிமென்ட் வளையாது, ஈரத்தையும் வெளியே விடாது. இடுக்கு வழியாக வெளியேற வேண்டிய ஈரம் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும், செங்கலின் முகம் செதில் செதிலாக உதிரும். இரண்டாம் மாடியில் ஏழெட்டுக் கற்கள் ஏற்கெனவே அப்படி உதிர்ந்திருக்கின்றன.

கடை முகப்பைத்தான் அதிக நேரம் பார்த்தேன். ஒரு நல்ல பழைய கடைமுகப்பு கோயில் மண்டபத்தைப் போலவே தாங்குவதையும் தாங்கப்படுவதையும் கண்ணுக்குக் காட்டும். இரண்டு ஓரங்களிலும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள். அவற்றின் தலையில், நம் கோயில் தூண்களின் உச்சியில் விட்டத்தைத் தாங்கும் போதிகையை நினைவுபடுத்தும் சுருள் வேலைப்பாடு கொண்ட முட்டுகள். இரண்டு முட்டுகளுக்கும் இடையே பெயர் எழுதும் பலகை. அதற்கு மேலே சிறு கொடுங்கை, அதாவது வெளியே நீளும் விளிம்பு. கண்ணாடிக்குக் கீழே முழங்கால் உயரத்துக்குப் பலகை அடைப்பு. அந்த முட்டுகள் சரியாகப் பக்கச் சுவரின் நேர்க்கோட்டில் உட்காரும். ஆகையால் தெருவில் நின்றபடியே எந்த வீடு எங்கே முடிகிறது என்று படித்துவிடலாம். நம் கடையில் இடப்பக்க முட்டு மட்டும் தப்பியிருக்கிறது. பச்சை, மெரூன், வெள்ளை என்று அடுக்கடுக்காகப் பூசிய சாயத்தில் சுருளின் பள்ளங்கள் எல்லாம் தூர்ந்து, அது வெண்ணெய் உருண்டை போல ஆகிவிட்டது. வலப்பக்க முட்டின் இடத்தில் எஃகு ஷட்டரின் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பழைய பெயர்ப்பலகையின் மேலேயே உள்ளிருந்து ஒளிரும் பிளாஸ்டிக் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள்; அதன் ஆழம் காரணமாகக் கடை, நெற்றியை முன்னால் தள்ளிக்கொண்டு கோபமாகப் பார்ப்பது போல இருக்கிறது. இங்கிலாந்தில் கடைமுகப்பை மாற்றத் திட்ட அனுமதி வேண்டும். இந்தப் பெட்டிக்கு யாராவது அனுமதி கேட்டிருப்பார்களா என்பதில் எனக்குச் சந்தேகம்.

கண்ணாடியும் ஒரு கதை சொல்லும். ஊதிச் சுழற்றித் தட்டாக்கி வெட்டும் பழைய முறையில் பெரிய கண்ணாடி கிடைக்காது. அதோடு கண்ணாடிக்கு எடைக்கணக்கில் வரி. அதனால் 1820களின் கடைமுகப்புகளில் சிறு சிறு சதுரங்களை மெல்லிய மரச் சட்டங்களில் கோத்தார்கள். 1845இல் கண்ணாடி வரி போனது, 1851இல் ஜன்னல் வரியும் போனது, பெரிய தகடுகள் மலிந்தன. அதன்பின் கடைக்காரர்கள் சட்டங்களைக் கழற்றிவிட்டு ஒரே தகடாகப் போட்டார்கள். நம் கடையில் இருப்பது ஒரே தகடு. வீதியிலிருந்து உள்ளே எல்லாமே தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர் நம் தட்டைப் பார்த்து ஆர்டரை முடிவு செய்வார்.

கடையாகவே பிறந்த கட்டடம் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர்கள், சாப்பிட்டபின் யூஸ்டன் சாலையைக் கடந்து கிழக்கே வோபர்ன் வாக் வரை நடக்கலாம். 1822இல் தாமஸ் க்யூபிட் கட்டிய சிறு கடைவீதி அது. அங்கே வெள்ளைச் சாந்து பூசிய முகப்புகளின் அடியில், கறுப்புச் சாயம் பூசிய வில் ஜன்னல்கள் வயிற்றை லேசாக முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கின்றன. அந்த வயிறு எவ்வளவு முன்னால் வரலாம் என்பதற்கும் 1774ஆம் ஆண்டுச் சட்டத்தில் அளவு உண்டு: அகலமான தெருவில் 10 அங்குலம், 30 அடிக்குக் குறைந்த தெருவில் 5 அங்குலம். கடைக்கு ஒரு கதவு, மாடி வீட்டுக்கு ஒரு கதவு என்று முதலிலேயே திட்டமிட்டதால் அங்கே எதுவும் எதையும் மிதிக்கவில்லை. கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் 1895 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஒரு கடைக்கு மேல்தான் வாடகைக்கு இருந்தார். ட்ரம்மண்ட் தெரு அப்படிப் பிறக்கவில்லை. 1837இல் யூஸ்டன் நிலையம் திறந்தபோது, பிலிப் ஹார்ட்விக் வடிவமைத்த அதன் பிரம்மாண்டமான கல் வாயில் இந்தத் தெருவைப் பார்த்தே நின்றது. அதே ஆண்டில் அடுத்த தெருவான இன்றைய நார்த் கவர் தெருவின் வீடொன்றில் இத்தாலியை ஒரே நாடாக்கப் போராடி, நாடு கடந்து வந்த மட்சீனி குடியேறினார். வருவோர் போவோர் கூட்டம் வாசலில் நின்ற தெருவில் முன்னறையைக் கடையாக்க யாருக்கும் பெரிய தூண்டுதல் தேவைப்பட்டிருக்காது. அந்தக் கல் வாயிலை 1961–62இல் இடித்தார்கள். 1968இல் திறந்த புதிய நிலையம் தெருவின் கிழக்குத் துண்டை விழுங்கியது. பின்னர் அதிவேக ரயில் பாதைக்காக நிலையத்தின் மேற்கே பல கட்டடங்கள் இடிக்கப்பட்டு, 2023இல் வேலையும் நிறுத்திவைக்கப்பட்டு, தெருவின் ஒரு முனையில் நீண்ட காலமாகத் தட்டி மறைப்புகளே மிஞ்சின. இதைத் தாண்டி இந்தக் கடைகள் நடந்துகொண்டிருப்பதே ஒரு தகவல்தான்.

இரண்டாம் முறை ஒரு சனிக்கிழமை மாலை, அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். கீழே இடமில்லை என்று முதல் மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே போக இன்னும் 17 படிகள். படி குறுகல், திருப்பத்தில் இருட்டு. கைப்பிடி மட்டும் பழைய மஹோகனி, இருநூறு ஆண்டுக் கைகள் தேய்த்த வழவழப்போடு இருந்தது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். இரண்டு முறை நின்றார். கழிப்பறை நிலவறையில் என்று தெரிந்ததும், "தண்ணியே குடிக்க வேண்டாம்டா" என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். முட்டி வலி உள்ளவர்கள் இந்தக் கடைக்கு வருமுன் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கோ வாசலிலேயே ஒரு படி. அதைத் தாண்டினால் தரைத்தளத்தில் சாப்பிடலாம், கழிப்பறைக்குப் போக வழியில்லை.

மாடி அறை அழகானது. அதன் அழகை மறைக்கக் கடை பாடுபட்டிருக்கிறது. தரையைத் தொடும் உயரமான இரண்டு ஜன்னல்கள், அவற்றின் பக்கச் சுவரில் மடித்து வைக்கும் மரக் கதவுகள் சாயம் பூசி ஒட்டிப்போன நிலையில் அப்படியே இருக்கின்றன. மேலே சதுரத் தட்டுகளாலான பொய்க்கூரை. ஒரு தட்டு விலகியிருந்த இடைவெளியில், அலைபேசி விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, ஓர் இலைக்கொடி சுண்ணச் சாந்தில் சுவரோரமாக ஓடுவது தெரிந்தது. அத்தனை வேலைப்பாட்டையும் அரை மீட்டர் இடைவெளியில் புதைத்துவிட்டு, கீழே தாஜ்மஹால் படம் மாட்டியிருக்கிறார்கள். சூடாக்கும் செலவு மிச்சம் என்று சொல்வார்கள். அதை நான் முற்றிலும் மறுக்கவில்லை.

தோசை வந்தது. முப்பது படி ஏறி வந்த தோசை. மடிப்பை விரலால் தூக்கினால் துணி போல மடிந்தது. பரிமாறியவர் மதுரைப் பக்கத்துக்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "கல்லுல இருந்து எடுக்கும்போது நல்லா முறுகலாத்தான் சார் இருக்கு. இங்க கொண்டாறதுக்குள்ள போயிருது." தட்டு ஏற்றும் சிறு லிஃப்ட் வைக்கலாமே என்று கேட்டேன். அதற்குத் தரையை வெட்ட வேண்டும், வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார் என்றார். அம்மா ஊத்தப்பம் சொல்லியிருந்தார். அது கனம் உள்ள பண்டம், படியேறியும் கெடவில்லை. மாடியில் உட்கார வைத்தால் ஊத்தப்பம், இட்லி, பிசிபேளா சாதம் இவற்றோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

இந்தப் படிக்கட்டு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் கடைக் கதவுக்கு அருகே, மேலே விசிறி வடிவக் கண்ணாடியோடு, பழைய வீட்டுக் கதவு இன்னும் இருக்கிறது. அதன் ஓரத்தில் மூன்று அழைப்பு மணிகள். அதாவது இடைகழியும் படியும் தனியாகக் காப்பாற்றப்பட்டதால் மேல்தளங்களில் மூன்று குடும்பங்கள் வாழ்கின்றன. நம் கடையில் யாரோ ஒரு காலத்தில் இடைகழிச் சுவரை இடித்து அந்த மூன்று அடியையும் கடைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வரிசை மேசை கூடுதலாகக் கிடைத்தது. அதற்கு விலையாக, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் போக உணவகத்தின் நடுவே போவதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது. யார் அங்கே குடியிருப்பார்கள்? ஜன்னல்களில் அட்டைப்பெட்டிகள் தெரிகின்றன. வீட்டு வாடகை விண்ணைத் தொடும் நகரத்தில், நிலையத்திலிருந்து ஐந்து நிமிடத் தொலைவில், இரண்டு தளங்கள் காலிப் பெட்டி வைக்கப் பயன்படுகின்றன. வீட்டைக் கடையாக்கியவர்கள் செய்த தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். பிளாஸ்டிக் பெட்டியை நாளைக்கே கழற்றலாம், இடித்த இடைகழியை மறுபடி கட்டினால் எட்டு இருக்கைகள் போகும், எந்த வியாபாரியும் சம்மதிக்க மாட்டார்.

மூன்றாம் முறை தனியாகப் போனேன், மதியம் மூன்று மணிக்கு. இம்முறை நானே கேட்டு, பின்னறையில், புகைபோக்கிச் சுவரின் இடப்புறம் உள்ள மாடத்தில் உட்கார்ந்தேன். பழைய வீடுகளில் கணப்பு இருந்த சுவர் அறைக்குள் துருத்தி நிற்கும்; அதன் இரு பக்கமும் ஆழமான இரண்டு மாடங்கள் அமையும். முன்பு புத்தக அலமாரியோ சாமான் அலமாரியோ இருந்த இடம், இப்போது இருவர் அமரும் மேசைக்குச் சரியாக இருக்கிறது. மூன்று பக்கம் சுவர், முதுகுக்குப் பின்னால் யாரும் நடப்பதில்லை, பேச்சுக் குரல் முட்டாது. படியின் தலைப்பு அங்கிருந்து ஆறு எட்டு வைக்கும் தூரம். தோசை கீழே கல்லை விட்ட ஒரு நிமிடத்துக்குள் மேசைக்கு வந்தது. கிழித்தபோது சத்தம் கேட்டது. இந்த ஊரில் நான் சாப்பிட்ட நல்ல தோசைகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். ஒரே மாவு, ஒரே கை, ஒரே விலை, மேசைதான் வேறு.

காபி வரும்வரை பின்பக்க ஜன்னல் வழியே பார்த்தேன். முற்றத்தில் வீட்டோடு ஒட்டிய குறுகலான பின்கட்டு. அதன் முதுகில் சமையல் புகையை மேலே கொண்டுபோகும் பளபளக்கும் தகரக் குழாய், நான்கு தளங்களையும் தாண்டிக் கூரைவரை. எதிரே இருந்த வரிசையின் பின்புறத்தில் கூரைகள் V வடிவத்தில் தெரிந்தன. முன்பக்கக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் இந்தக் கூரை இரண்டு சரிவுகளாக நடுவை நோக்கி இறங்கி, நடுக்கால்வாயில் தண்ணீரைச் சேர்த்துப் பின்பக்கம் விடுகிறது. தெருவில் நிற்பவருக்குக் கூரை என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அந்தக் கால்வாயில் இலை அடைத்தால் தண்ணீர் நேராக வீட்டின் நடுவே இறங்கும். மேல்தளத்தில் ஆள் குடியிருந்தால் முதல் சொட்டிலேயே கத்துவார், அட்டைப்பெட்டி கத்தாது. பின்னறைக் கூரையின் மூலையில் தேநீர் நிறத்தில் ஒரு கறை படர்ந்திருந்ததற்கு இதுதான் காரணமோ என்று நினைத்தேன்.

காபி சுமார். டிகாக்‌ஷன் பழையது, பால் நன்று, டபரா கிடையாது.

வெளியே வரும்போது வாசலுக்கு முன்னால் நடைபாதையைக் குனிந்து பாருங்கள். இரும்புச் சட்டத்தில் பதித்த சிறு கண்ணாடிக் குமிழ்கள் வரிசையாக இருக்கும். வீட்டுக்கும் தெருவுக்கும் இடையில் முன்பு இருந்த பள்ளத்தை மூடிக் கடையை முன்னால் இழுத்தபோது, நிலவறைக்கு வெளிச்சம் போகட்டும் என்று வைத்தவை. பழைய கண்ணாடியில் கலந்த மாங்கனீசு வெயில் பட்டுப் பட்டு நிறம் மாறியதால் சில குமிழ்கள் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு அடியில்தான் தோசைக்கல். மழைக்காலத்தில் நடைபாதை முழுக்க ஈரமாக இருக்கும்போதும் அந்த ஒரு சதுரம் மட்டும் சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது.

இருவருக்கு, பானங்கள் சேர்த்து, 30 பவுண்டுக்குக் கீழே முடிந்துவிடும். வார நாட்களில் மதியம் இரண்டரைக்கு மேல் போங்கள். பின்னறை மாடம் என்று கேளுங்கள். புகைபோக்கிச் சுவரின் வலப்புற மாடம் குளிர்பானப் பெட்டிக்குப் போய்விட்டது, அதனால் இடப்புறம் ஒன்றுதான் உண்டு. அது கிடைக்காவிட்டால் ஊத்தப்பம் சொல்லுங்கள்.